குதிரை சாப்பிடப் போயிருக்கிறது

“இந்தக் கூத்தை யார் எழுதினது?”

டீம் லீடர் மீட்டிங் அறையில் எல்லோரையும் பார்த்துக் கேட்டார். அவர்கள் தயாரித்த கம்ப்யூட்டர் கேமின் பிழைச் செய்தி சுவர்த்திரையில் பெரிதாகத் தெரிந்தது.

‘பிழை 41: உங்கள் குதிரை சாப்பிடப் போயிருக்கிறது. அரை மணி நேரம் கழித்து வரவும்.’

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லீடர் முறைத்தார்.

“சிரிப்பா இருக்கா? இது திங்கட்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை, ‘ராஜா குளிக்கிறார், போர் தள்ளிவைக்கப்பட்டது.’ நேத்து, ‘உங்கள் வாளைக் காணவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்.’ வீட்டுல ஆடிட்டிருக்கேன், சரியா எட்டு மணிக்கு வெளியே தள்ளிடுது. அரை மணி நேரம் உள்ளேயே விடமாட்டேங்குது. நான் என்ன பண்றது? சும்மா உட்கார்ந்து சாப்பிட வேண்டியதா இருக்கு.”

கேமைச் சோதிக்கக் கம்பெனியில் தனி ஆட்கள் உண்டு. வீட்டில் தான் ஆடுவதும் சோதனைதான் என்று லீடர் சொல்லிக்கொள்வார்.

“சார், எனக்கு இந்தப் பிழை வந்ததே இல்லையே” என்றார் டிசைனர்.

“ஒழுங்கா ஆடிப் பார்த்திருந்தா வந்திருக்கும்.”

டிசைனர் நோட்டைப் புரட்டத் தொடங்கினார்.

“நான்தான் எழுதினேன் சார்.”

எழுந்து நின்றவர், லீடர் உட்பட எல்லோரும் ‘அக்கா’ என்று கூப்பிடும் புரோகிராமர்.

“நீங்களா? பதினஞ்சு வருஷ சர்வீஸ் மேடம் உங்களுக்கு.” அக்கா இன்று மேடம் ஆகிவிட்டார். “லட்சம் பேர் ஆடற கேம். லட்சம் பேரும் நம்ம மூஞ்சில காறித் துப்புவாங்க. எதுக்கு இப்படிப் பண்ணீங்க?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

“கேட்கறேன்ல?”

“மன்னிச்சிடுங்க சார்.”

“மன்னிப்பெல்லாம் வேண்டாம், காரணம் சொல்லுங்க. இல்லேன்னா உங்களை வேலையை விட்டு அனுப்பச் சொல்லி மேனேஜருக்கு இன்னிக்கே எழுதிடுவேன்.”

அக்கா மேசையையே பார்த்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது. மற்றவர்களுக்கு அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்க ஒருத்தருக்கும் துணிச்சல் வரவில்லை.

லீடர் தன் இடத்துக்கு வந்து சூட்டோடு சூடாக எழுத உட்கார்ந்தார். கேமில் ஒரு புள்ளியை மாற்றினாலும், ஆட்டக்காரர்களின் எந்தப் புகாருக்காக மாற்றினோம் என்று அதன் எண்ணைப் பதிய வேண்டும். அவரே கொண்டுவந்த விதி. அக்கா அதை மீறியிருந்தால் இன்னும் வசதி என்று பதிவைத் திறந்தார்.

மீறவில்லை. எண் இருந்தது. ‘இந்தப் பிழை யாருக்கெல்லாம் வரும்’ என்ற கட்டத்தில் ஒரே ஒரு ஆட்டக்காரரின் கணக்கு இருந்தது.

அது அவருடைய கணக்கு.

லீடருக்கு ரத்தம் கொதித்தது. லட்சம் பேரை விட்டுவிட்டுத் தன்னை மட்டும் அக்கா குறிவைத்திருக்கிறார் என்று புகாரைத் திறந்தார். அதுவும் அவர் கணக்கிலிருந்தே வந்திருந்தது. அவர் அனுப்பியதல்ல.

‘கேம் செய்யற அங்கிள், ஆன்ட்டிக்கு. எனக்கு ஒன்பது வயசு. எங்க அப்பா உங்க ஆபீஸ்லதான் லீடர். வீட்டுக்கு வந்தா கேம்தான் ஆடறார். சாப்பிடும்போதும் லேப்டாப்பைப் பார்த்துட்டே சாப்பிடறார். நான் பேசினா ம், ம்னு மட்டும் சொல்றார். எட்டு மணிக்கு அரை மணி நேரம் மட்டும் கேமை நிறுத்துவீங்களா?’

இந்த மூன்று நாளும் சாப்பாட்டு மேசையில் மகள் வாய் ஓயாமல் பேசியது லீடருக்கு நினைவு வந்தது. கேம் எப்போது திறக்கும் என்று தான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததும் நினைவு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

எழுந்து அக்காவின் இடத்துக்குப் போனார். அவர் மேசை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தார்.

“அக்கா...” என்று கூப்பிட்டார். “அதையெல்லாம் திரும்ப உள்ளே வைங்க. புகாரைப் படிச்சுட்டேன், மேனேஜருக்கு எதுவும் எழுதலை. மீட்டிங்லேயே சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லலை?”

“முழுசாப் படிக்கலையா சார்? கீழே இன்னும் ரெண்டு வரி இருக்கே.”

திரும்பி வந்து, திரையைக் கீழே நகர்த்திப் படித்தார்.

‘நான் எழுதினேன்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுத் திட்டுவார்.’