கட்டிக்குள் பச்சை

டாக்டர் சபூரினின் கண்ணுக்குத் தெரியாதது வேறு யார் கண்ணுக்கும் தெரியக்கூடாது. வினிபெக் நகரின் அந்த மூளைக்கட்டி ஆய்வகத்தில் இது எழுதாத சட்டம்.

லோர்னா சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பதும் வீட்டுக்கு அனுப்புவதும் சபூரினின் கையில். ஐம்பதை நெருங்கும் வயதில் மறுபடி வேலை தேடி அலைய அவளுக்குத் தெம்பில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர் ஒரு பழைய ஸ்லைடை அவளிடம் நீட்டினார். எப்போதோ ஒரு நோயாளியின் மூளைக்கட்டியிலிருந்து சீவிய மெல்லிய துணுக்கு, சிவப்புச் சாயம் ஏற்றியது. பார்த்துவிட்டு என்ன இருக்கிறதென்று சொல்லச் சொன்னார். அவ்வளவுதான்.

மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஒளியை வடிகட்டும் வளையத்தைத் திருப்பினாள். ரத்தக்குழாயை ஒட்டி ஏதோ மின்னியது. பச்சை ஆப்பிள் தோலின் நிறம்.

வெறும் தழும்பு நார் என்றால் வெள்ளையாக அல்லவா மின்னும்? இந்தச் சாயத்தில் பச்சையென்றால் அது அமிலாய்ட். மறதி நோய்க்காரர்களின் மூளையில் படிகிற புரதம். அதற்குக் கட்டிக்குள் என்ன வேலை? கட்டியே அதைச் சுரந்து தன்னைச் சுற்றிப் பூசிக்கொள்கிறதா? வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை.

பக்கத்து மேஜை டாரிலிடம் சொன்னபோது, அவன் மைக்ராஸ்கோப்பில் குனியக்கூட இல்லை.

"லோர்னா, கட்டிக்குள்ள அமிலாய்ட் கிடையாதுன்னு எழுதித்தான் மனுஷன் பேர் வாங்கினாரு. இந்த ஸ்லைடையும் வச்சுத்தான் எழுதினாரு. வெள்ளைன்னு சொல்லிட்டுப் போயிட்டே இரு."

"பச்சையா இருக்கே."

"பச்சையா இருந்தா உனக்கென்ன? வேலை போனா அது வந்து சோறு போடுமா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வெள்ளை என்று சொல்லிவிடலாம் என்றுதான் லோர்னாவும் சபூரினின் அறைக்குப் போனாள். அவரைக் கண்டதும் வாயில் வந்தது வேறு.

சபூரின் ஸ்லைடை வாங்கித் தன் மைக்ராஸ்கோப்பில் பொருத்திக் கண்ணை வைத்தார். நெடுநேரம் பார்த்தார்.

"மின்னுது. வெள்ளையாத்தான் மின்னுது. இது நார்."

"இல்ல டாக்டர். பச்சை."

"என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியுமோ?"

"அது எனக்குத் தெரியல. ஆனா இது பச்சை. இதுக்காக என்னைப் போகச் சொன்னா போயிடறேன்."

சபூரின் நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படுவார் என்று காத்திருந்தாள். அவர் முகத்தில் இருந்தது களைப்பு.

"போன கோடையில கண் பரிசோதனைக்குப் போனேன். எனக்குப் பிறவியிலேயே பச்சை சரியாத் தெரியாதாம். இத்தனை வயசுக்கு மேல சொல்றாங்க."

லோர்னா மைக்ராஸ்கோப்பிலிருந்த ஸ்லைடைத் திரும்பிப் பார்த்தாள்.

"எத்தனை பச்சையை வெள்ளைன்னு எழுதி வச்சிருக்கேனோ. அன்னிலேருந்து இந்த ஸ்லைடை லேப்ல ஒவ்வொருத்தர்கிட்டயா குடுத்துப் பாத்துட்டு வரேன். விஷயத்தை மட்டும் யார்கிட்டயும் சொல்லல."

"டாரில்கிட்டயும் குடுத்தீங்களா?"

"முதல்ல அவன்கிட்டதான். வெள்ளைன்னான். அத்தனை பேரும் வெள்ளைன்னுதான் சொன்னாங்க."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சபூரின் சொன்னார்:

"எனக்குத்தான் பிறவிக் கோளாறு. அவங்களுக்கெல்லாம் என்கிட்ட வேலைக்கு வந்த பிறகு வந்திருக்கு."