டெங்கு அட்டை

"பிள்ளைக்க மேலு தீயா பொள்ளுது. ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாக்க ஒனக்கு வலிக்குதோ?"

சுகாதார நிலைய வாசலில் ஷீஜா போட்ட சத்தத்துக்கு, கடற்கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். தோளில் ஏழு வயது மகன் ஜிபின் துவண்டு கிடந்தான்.

"டெங்கு பாக்குத அட்டை இல்லட்டி," என்றாள் நர்ஸ் தேவகனி. "வரவேண்டியது வரல்ல."

"வரல்லியா, வித்துத் தின்னுட்டியா? ஒனக்க வயித்துல ஒண்ணு பிறந்திருந்தா தெரியும்."

ஷீஜாவின் நாக்குக்கு எலும்பு கிடையாது.

தேவகனி காய்ச்சல் மாத்திரையை அவள் கையில் வைத்தாள். "இதை நம்பி இருக்காத. இப்பமே நாகர்கோவிலுக்குக் கொண்டு போ."

கோயில் திருவிழாவை விட்டுவிட்டு யார் போவது? மாத்திரையில் காய்ச்சல் இறங்கியது. ஷீஜா நிம்மதியாகத் தேர் பார்க்கப் போனாள்.

மறுநாள் ஜிபினின் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது.

கடலுக்குப் போய்விட்டு அப்போதுதான் கரையேறிய ஞானதாசன், மகனை வாரிக்கொண்டு ஓடினான். நாகர்கோவில் பெரியாஸ்பத்திரியில் ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் விட்டார்கள். டீ குடிக்கிற நேரத்தில் இரண்டு கோடு விழுந்தது. டெங்கு.

"இவ்வளவு பிந்தியா கொண்டு வாறது?" டாக்டர் லீலாபாய் அதட்டினார். "காய்ச்சல் வந்த அன்னைக்கே பாத்திருந்தா பயமில்ல. இப்ப நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

ஷீஜா மாரில் அடித்துக்கொண்டாள். "எல்லாம் அந்த மலட்டு மூதி தேவகனி செய்த வேலையாக்கும்! அட்டை இல்லண்ணு பிள்ளையத் திருப்பி விட்டா!"

"அவளை வெட்டிப் போடுவேன்." ஞானதாசன் கைலியை மடித்துக் கட்டினான்.

"நில்லுங்க," என்றார் டாக்டர். " அந்த நர்சம்மா கெஞ்சிக் கேட்டுத்தான் போன வாரம் வேன்ல அட்டையும் ஆளும் அனுப்பினோம். டெங்கு ஊருன்னு பேரு விழுந்தா திருவிழாவுக்குக் கூட்டம் வராதாம். ஊருக்குள்ளயே விடாம மறிச்சுத் திருப்பிட்டாங்க."

"எந்த நாயி மறிச்சுது?"

ஷீஜாவின் அழுகை சட்டென்று நின்றது.

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த ஜிபின் கண்ணைத் திறந்தான். அப்பாவைப் பார்த்து, தீனமான குரலில், பெருமையாகச் சொன்னான்:

"நம்ம அம்மைதான் அப்பா. வேனுக்க முன்னால படுத்துட்டா. ஒருத்தருக்கும் பயப்படல்ல, தெரியுமா?"