இடப்பக்கம் கொட்டகை

"கொட்டகை இடது பக்கம்தான்," என்றார் அவர், மூன்றாவது முறையாக.

பென்சில் பிடித்திருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வலது ஓரத்தில் வரைந்திருந்த சினிமாக் கொட்டகைக்குக் கூரை போட்டு முடித்தார்.

அந்தத் தெருவை இடித்துப் பாலம் கட்டி இருபத்தெட்டு வருடம். அதில் குடியிருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் நூலகத்து மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நினைவிலிருந்து தெருவை வரைந்துகொண்டிருந்தார்கள். துணி வெட்ட அளவு வரைவதற்கு வைத்திருந்த மெல்லிய தாளைத் தையல்காரர் கொண்டுவந்து விரித்திருந்தார்.

எந்த வீடு என்று கேட்டபோது, "பூட்டுக்காரர் வீடு" என்றிருந்தார், இடது பக்கம் என்று வாதாடியவர். மாடி வீடு. நேர் எதிரே மூன்று கட்டடங்கள்.

அது பொய்யில்லை. பூட்டுக்காரரின் மகளைத்தான் அவர் கட்டியிருந்தார். ஆனால் அந்தத் தெருவில் அவர் கால் வைத்ததே இல்லை. கல்யாணத்துக்கு முன்பே அவள் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

தெரு அவருக்கு மனைவியின் வாய்வழி வந்தது. சின்ன வயதில் நான்கு வருடம் மாடி அறைக் கட்டிலில் படுத்தபடி பார்த்த தெரு. காய் நறுக்கும்போது சொல்வாள், துணி மடிக்கும்போது சொல்வாள். இடப்பக்கம் கொட்டகை, நடுவில் கடிகாரக் கடை, வலப்பக்கம் அச்சகம். ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை.

போன வருடம் போய்விட்டாள்.

"சார், எந்தக் கையால கையெழுத்துப் போடுவீங்க? அதான் வலது," என்றார் தையல்காரர்.

மேசை குலுங்கச் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. அவளிடமிருந்து தனக்கு மிச்சம் அந்தத் தெரு ஒன்றுதான் என்று நினைத்திருந்தார். அதுவும் கட்டிவிட்ட கதையா?

பிடி விடாமல் இன்னொன்றைச் சொன்னார்.

"கடிகாரக் கடை வாசல்ல பெரிய கடிகாரம் ஒண்ணு இருந்துச்சு. அதோட முள்ளு பின்பக்கமா ஓடும்."

"அட, அப்படி ஓடியிருந்தா என் முடி திரும்பி வந்திருக்குமே!" என்று சலூன்காரர் தன் வழுக்கையைத் தடவினார்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். குடையைத் தேடி எடுத்தார்.

அவர் முகத்தைப் பார்த்த சலூன்காரருக்கு ஒரு மாதிரியாகிவிட்டது போலும். பேச்சை மாற்றினார்.

"பூட்டுக்காரருக்கு ஒரு பொண்ணு இருந்துச்சே, இடுப்பெலும்பு சரியில்லாம. எழுந்து உட்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. படுத்தபடியே அது தெருவைப் பார்க்கட்டும்னு என் கடையிலேர்ந்து பழைய முகம் பார்க்கிற கண்ணாடி ஒண்ணை வாங்கிட்டுப் போனாரு அவரு. நான்தான் போய் ஜன்னலுக்கு எதிர்ல, கட்டிலுக்கு மேல சாய்ச்சு மாட்டிக் கொடுத்தேன். அந்தப் பொண்ணு நல்லா இருக்கா, சார்?"



அவர் குடையை மேசைமேல் வைத்தார். ஆசிரியையின் பென்சிலுக்கு அடியிலிருந்து தாளை மெதுவாக உருவினார். ஜன்னலுக்குப் போய், தாளின் முன்பக்கத்தைப் புறத்தே திருப்பி, கண்ணாடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார்.

வெயிலில் கோடுகள் பின்பக்கமாகத் தெரிந்தன.

இடப்பக்கம் கொட்டகை. நடுவில் கடிகாரக் கடை. வலப்பக்கம் அச்சகம்.

"எழுத்தெல்லாம் திரும்பித் தெரியுதே, சார்," என்றார் தையல்காரர்.

"இருக்கட்டும்," என்றார் அவர்.