ஒரே டேக்

ஓடாமல் போன பழைய படங்களைப் பற்றி செபாஸ்டினும் அவன் கல்லூரித் தோழி பார்கவியும் பாட்காஸ்ட் செய்துவந்தார்கள். அன்றைய படத்தின் பெயரைக் கேட்டதுமே பார்கவி வேண்டாம் என்றாள். காரணம் சொல்லவில்லை. செபாஸ்டின் பிடிவாதமாக அதன் இயக்குநர் கோதண்டராமனையே போனில் பேச அழைத்துவிட்டான். அவருக்கு எண்பது தாண்டியிருந்தது.

பேச்சு அந்தக் காட்சிக்கு வந்தது. கதாநாயகன் கன்னத்தில் அறைந்ததும், மனைவியாக நடித்த பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு, எங்கே நிற்கிறோம் என்றே தெரியாதவள்போல் கேமராவைப் பார்ப்பாள்.

“இப்பப் பாத்தாலும் உடம்பு சிலிர்க்குது சார். எப்படி எடுத்தீங்க?” என்றான் செபாஸ்டின்.

“ஒரே டேக். நிஜமாவே அடிக்கச் சொல்லிட்டேன்” என்று சிரித்தார் அவர்.

“அவங்ககிட்ட முன்னாடியே சொன்னீங்களா?” என்று பார்கவி மெதுவாகக் கேட்டாள்.

“சொன்னா அந்த முகம் கிடைக்குமாம்மா?”

“அவங்க எங்கம்மா. அன்னியிலேர்ந்து இடது காது கேக்காது.”

பதிவை நிறுத்த செபாஸ்டின் கையை நீட்டினான். பார்கவி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறான். அந்த அம்மா தலையைச் சாய்த்துக் கேட்பதைப் பிரியம் என்றே நினைத்திருந்தான்.

போனில் கிழவர், “இந்த நிகழ்ச்சிய அவங்க கேப்பாங்களா?” என்றார்.

“ஒண்ணு விடாம கேப்பாங்க” என்றாள் பார்கவி. “சொல்லுங்க சார். பதிவு ஓடிக்கிட்டுதான் இருக்கு.”