ஷாம்பு படாத தலை

ஆப்பிள் வாசனை வருகிறது. அப்படியென்றால் இது என் பெண் இல்லை.

குனிந்தவள் நிமிராமல் இன்னொரு முறை மோந்து பார்த்தாள். பினாயில் நெடிக்கு அடியில், ஈரம் முழுதாகக் காயாத பின்னலின் உள்மடிப்பில், அது இருந்தது. கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டின் வாசனை.

அவளுக்கு மூச்சு வந்தது. நேற்று இரவிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று சற்றே நகர்ந்து இடம் கொடுத்தது.

முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று பிணவறை ஊழியர் முதலிலேயே சொல்லிவிட்டார். லாரி ஏறிய முகம். நெற்றிக்கு மேல் மட்டும் துணியை விலக்கி, பின்னலை எடுத்து வெளியே போட்டிருந்தார். மேடையின் விளிம்பைத் தாண்டி அது தரையைப் பார்த்துத் தொங்கியது.

நல்ல முடி. யார் பெற்ற பிள்ளையோ. அந்த அம்மாவும் பார்த்துப் பார்த்துத்தான் வளர்த்திருப்பாள்.

"உங்க பொண்ணுதானாம்மா?" போலீஸ்காரப் பெண் கேட்டாள். இந்த அறையில் குரலைத் தாழ்த்திப் பேசிப் பழகியவள்.

"எம்பொண்ணு தலைக்கு ஷாம்பு போட மாட்டா."

தெருவுக்கே தெரிந்த விஷயம் அது. வெந்தயமும் பூந்திக்கொட்டையும் காயவைத்து, செம்பருத்தி இலை சேர்த்து அரைத்து, பொட்டலம் கட்டி விற்பதுதான் அவள் பிழைப்பு. வாங்க வருகிறவர்கள் தயங்கினால் மகளைக் கூப்பிட்டுத் திருப்பி நிறுத்துவாள். பின்னலை அவிழ்த்து உதறிவிடுவாள். பிறந்ததிலிருந்து ஷாம்பு படாத தலை, தொட்டுப் பாருங்கள் என்பாள்.

தொட்டுப் பார்ப்பார்கள். துணிக்கடையில் துணியைப் பார்ப்பதுபோல, இரண்டு விரலால் நெருடி.

மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் குளியலறை முக்காலியில் உட்காரவைத்து, கற்றாழையைத் தேய்த்து ஊறவிட்டு, பொடியைக் குழைத்துத் தானே அலசிவிடுவாள். வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் அந்த ஒன்றை மட்டும் மகளிடம் விட்டுக்கொடுக்கவில்லை. போன மாதம், குனிந்த தலைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆபீஸ்ல எனக்கு என்ன பேரு தெரியுமாம்மா? கஷாயம். லிஃப்ட்ல ஏறினா, 'கஷாயம் வந்தாச்சு, இருமல் இருக்கறவங்கல்லாம் கிட்ட வாங்க'ங்கறாங்க."

"சொல்லிட்டுப் போறாளுங்க. நாளைக்கு அவளுங்க மண்டை உரிச்ச தேங்கா மாதிரி ஆகும்ல, அப்ப எங்கிட்டதான் வந்து நிப்பாளுங்க. கண்ணை மூடு, தண்ணி ஊத்தறேன்."

இருவரும் சிரித்தார்கள். இல்லை, அவள் சிரித்தாள். மகளின் முகம் முடிக்குள் இருந்தது; தெரியவில்லை.

கால்மாட்டில் கொழுந்தன் நின்றிருந்தான். துணிக்கு வெளியே நீட்டியிருந்த பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டான்.

"அண்ணி, கால் விரலைப் பாருங்க அண்ணி. எங்கண்ணன் விரல்."

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. விரல் என்றால் யாருக்கும் எப்படியும் இருக்கும்.

"நீ பேசாம இருப்பா. அவ தலையை அலசறது நீயா, நானா?"

அவன் துணியை இழுத்து அந்தப் பாதத்தை மூடினான்.

இந்நேரம் எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருப்பாள். சோற்றை மூடி வைத்திருப்பாள். அடிக்கொரு தரம் போனை எடுத்துப் பார்ப்பாள். பாவம், அவளுக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்களோ.

"சரிம்மா, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றாள் போலீஸ்காரப் பெண். "போட்டோவோட அவங்க சீப்பையும் எடுத்துட்டு வரச் சொல்லியிருந்தோமே. அதுல சிக்கின முடி போதும். டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்."

கைப்பைக்குள் கை போனது. சீப்பு தட்டுப்பட்டது. பல் இடுக்கில் சுருண்டு கிடந்த முடி, தொட்டதும் விரலில் சுற்றிக்கொண்டது.

அதை ஒட்டி இன்னொன்றும் இருந்தது.

காலையில் போட்டோ தேடி மகளின் அலமாரியைக் கலைத்தபோது, மழைக்கு மட்டும் போடும் ஷூவின் நுனியிலிருந்து விழுந்தது. மூலை கிழித்து, பாதி பிதுக்கி, மிச்சம் சிந்தாமல் மடித்து வைத்த ஒரு பாக்கெட்.

திங்கட்கிழமைகளில் விடிவதற்கு முன்பே குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் எதற்கென்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நேற்றும் திங்கட்கிழமை. நேற்றும் கொட்டியது.

கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. கள்ளி. வீட்டுக்கு வரட்டும், மூஞ்சிக்கு நேரே நீட்டி நாலு கேள்வி கேட்கிறேன் என்று அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

பாக்கெட்டின் மேல் பச்சை ஆப்பிள் படம் போட்டிருந்தது.

விரலைச் சுற்றியிருந்த முடியை, பைக்குள்ளேயே, மெதுவாகக் கழற்றிவிட்டாள். கை வெறுமையாக வெளியே வந்தது.

"சீப்பு கொண்டு வரலைங்க," என்றாள். "எங்களுக்கு அதெல்லாம் வேணாம். வேற யாரு வீட்டுலயாவது கேட்டுப் பாருங்க."

வாசனை வெளியே வராதபடி, பையின் ஜிப்பை முனைவரை இழுத்து மூடினாள்.