விரல் மை

எத்தனை காலம் வாழப்போகிறோமோ அந்த அளவுக்குத்தான் ஓட்டுக்கு மதிப்பு என்று சட்டம் வந்ததிலிருந்து, வாக்குச்சாவடியில் வைக்கும் மையும் ஆளுக்கேற்ப மாறிவிட்டது. கிழடுகளுக்கு ஒரு பொட்டு, இளசுகளுக்கு நகத்திலிருந்து விரலடிவரை கோடு.

ரோகிணிக்கு அரை விரல் கோடு இழுத்த அலுவலர், முதல் ஓட்டுப் போட வந்திருந்த அவள் மகள் இதழினியின் விரலைப் பிடித்தார். மீதி ஆயுளைக் காட்டும் இயந்திரத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு வைத்தார்.

“சார், இவளுக்குப் பதினெட்டுதான் ஆவுது! நல்லாப் பாருங்க!”

“மெஷின் சொல்றதைத்தாம்மா வைக்கிறேன்.” அவர் நிமிரவே இல்லை.

இதழினிதான் அம்மாவை வெளியே கூட்டி வந்தாள்.

“மை தீர்ந்துபோயிருக்கும்மா. வா, போட்டோ எடுத்துக்கலாம்.”

மகள் பொட்டு விரலை உயர்த்திச் சிரித்தாள். ரோகிணி தன் விரலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.