அந்தத் தெருவின் முதல் போன்

"அந்த மனுஷன் எப்ப கண்ணை மூடுவார், வீடு எப்ப விலைக்கு வரும்னுதானே வாராவாரம் வந்து நிக்கிறே?"

பக்கத்து வீட்டுக்காரர் கேட்டில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

புரோக்கரம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "இல்லை சார், சும்மா பாத்துட்டுப் போகத்தான்" என்று சிரித்து வைத்தாள்.

அதில் முழு உண்மையும் இல்லை, முழுப் பொய்யும் இல்லை. மகன் வெளிநாட்டுக்குப் போய்விட, தனியாக இருக்கும் அந்த ரிட்டையர்டு பஸ் டிரைவரின் வீடு என்றைக்காவது விலைக்கு வந்தால், அது தன் கையால் முடிய வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருக்கத்தான் செய்தது.

ஊரெல்லாம் சுற்றாமல் இந்த ஒரு பேட்டையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். வீடு வீடாகக் கார்டு கொடுப்பாள். யாருக்கு மாற்றல், யார் வீட்டில் பாகத் தகராறு, எல்லாம் அத்துப்படி. ஆனால் இதுவரை ஒரு வீடுகூட முடியவில்லை. ஒரு போன்கூட வரவில்லை.

"செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். வேற ஏரியா பாரேன்" என்றார் கணவர்.

"இப்ப விட்டா நடந்ததெல்லாம் வீணாயிடுங்க. நான் விடறதா இல்லை."

அடுத்த வாரமும் போனாள். டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. உள்ளே குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டு மணியை அடித்தாள்.

"சார், அண்ணன் குரலே காணோம். தண்ணி பாட்டுக்குக் கொட்டுது. கொஞ்சம் வாங்களேன்."

"நமக்கெதுக்கும்மா வம்பு? நாளைக்குப் போலீஸ், கேஸ்னு என்னால அலைய முடியாது."

கதவு சாத்தப்பட்டது.

அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். துருப்பிடித்த தாழ்ப்பாள் அவள் உதைக்குத் தாங்கவில்லை. டிரைவர் குளியலறை வாசலில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார்.

ஆம்புலன்ஸில் அவளே கூட ஏறிக்கொண்டாள்.

"நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க" என்றார் டாக்டர்.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரியில் இருக்கும்போது போன் அடித்தது.

"புரோக்கரம்மாதானே? உன் கார்டைப் பாத்துத்தான் கூப்பிடறேன்."

பக்கத்து வீட்டுக்காரர்தான். என்ன இருந்தாலும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது என்று அவள் நெகிழ்ந்துபோனாள்.

"பாவம், நல்ல மனுஷன். தூக்கிட்டுப் போனப்பவே தெரிஞ்சுபோச்சு, தேறாதுன்னு. சரி, வெளிநாட்டுல இருக்கற மகன் வந்ததும் எப்படியும் வித்துடுவான். வேற யார்கிட்டயும் வாய் விட்டுடாதம்மா. நடுச்சுவரை இடிச்சு ரெண்டு வீட்டையும் ஒண்ணாக்கறதுக்கு நான் எப்பவோ பிளான் போட்டு வெச்சிருக்கேன்."

அவள் கட்டிலைப் பார்த்தாள். டிரைவர் தலையணையில் சாய்ந்தபடி, ரொட்டியைப் பாலில் நனைத்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார்.

"வீட்டுக்குச் சொந்தக்காரர் பக்கத்துலதான் உக்காந்திருக்கார் சார். போனைக் கொடுக்கறேன், நீங்களே கேட்டுடுங்க."